நகலுக்கு இணங்காத கோப்புறை: ஒரு மெய்யியல் விசாரணை

ஒரு பொருளின் நகல் எந்த அளவுக்கு அந்தப் பொருளே ஆகும் என்பது மெய்யியலின் பழைய வினாக்களுள் ஒன்று. அமெரிக்க மெய்யியலாளர் நெல்சன் குட்மன் 1968-இல் வெளியிட்ட ‘கலையின் மொழிகள்’ என்ற நூலில் ஒரு பாகுபாட்டின் வழியாக இதை அணுகினார். ஓவியத்தைப் போல, எவ்வளவு நுட்பமாகப் படியெடுத்தாலும் படி படியாகவே நின்றுவிடும் கலைகள் ஒரு வகை. கவிதையைப் போல, பிழையின்றி எழுதப்பட்ட ஒவ்வொரு படியும் அந்தப் படைப்பாகவே கொள்ளப்படும் கலைகள் மற்றொரு வகை. முதல் வகையில் பொருளின் வரலாறு, அதாவது அது யார் கையால் எப்போது உண்டானது என்பது, பொருளின் பகுதியாகவே அமைகிறது. இரண்டாவதில் எழுத்துகளின் வரிசை ஒன்றே போதும். கணினிக் கோப்புகள் இந்த இரண்டாம் வகையின் தூய எடுத்துக்காட்டு என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. ஒரே வரிசையில் அமைந்த சுழிகளும் ஒன்றுகளும் எந்த வட்டில் இருந்தாலும் அதே கோப்புதான் என்று சொல்ல எவரும் தயங்குவதில்லை.

ஆயினும், பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றிலுள்ள அனைத்தையும் பேக்கப் என வழங்கும் காப்பு நகலாக வேறொரு வட்டுக்குக் கொண்டுசெல்ல முனைவோர், பெரும்பாலான கோப்புகள் தடையின்றிச் சென்றுவிட, சில கோப்புறைகள் மட்டும் இணங்காமல் நிற்பதைக் காண்கின்றனர். அணுகல் மறுக்கப்பட்டது, பாதை மிக நீளமாக உள்ளது, கோப்பு வேறொரு நிரலின் பயன்பாட்டில் உள்ளது என்று பலவாறாகக் காரணங்கள் திரையில் தோன்றும். இவற்றைப் பழுதுகளாக எண்ணி எப்படியேனும் நீக்கிவிடுவதே வழக்கம். உண்மையில், வட்டே சிதைந்ததால் நேரும் மறுப்பைத் தவிர, இவற்றுள் பெரும்பாலானவை பழுதுகள் அல்ல. இயங்குதளம் தன் விதிகளை வழுவாமல் பின்பற்றுவதன் விளைவுகள். கோப்பு என்பது உள்ளடக்கத்துக்கு அப்பால் வேறு எவற்றால் ஆனது என்பதை அந்த மறுப்புகளே வெளிப்படையாகக் காட்டுகின்றன என்பதும், அவற்றை ஆராயாமல் தகர்ப்பவர் நகலெடுக்க வந்த பொருளையே மாற்றிவிடுகிறார் என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்துகள்.

முதலில் கோப்புறை என்பது என்ன என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் கணினிகளில் பரவலாக உள்ள என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பில், கோப்புறை என்பது பெயர்களும் அவை சுட்டும் பதிவெண்களும் கொண்ட ஓர் அட்டவணை மட்டுமே. கோப்புகளின் உள்ளடக்கம் வட்டில் வேறு இடங்களில் கிடக்கிறது. பல்லாயிரம் படங்கள் கொண்ட கோப்புறையை அதே வட்டுக்குள் வேறு இடத்துக்கு மாற்றினால் நொடியில் முடிந்துவிடுவது இதனால்தான், ஏனெனில் அங்கே இடம்மாறுவது ஒரு பதிவு மட்டுமே. இதைக் காணும் பௌத்தர், மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் தேரைக் கொண்டு விளக்கியதைப் போல, கோப்புறை என்று தனியே ஒன்றுமில்லை, உறுப்புகளின் கூட்டத்துக்கு வழங்கும் பெயரே அது என்பார். நியாய, வைசேடிக மரபினரோ, உறுப்புகளில் பிரிவின்றி உறையும் ‘அவயவி’ என்ற முழுமை உறுப்புகளின் வேறான தனிப்பொருள் என்பர். வைசேடிகரின் கொள்கை மணிமேகலையின் 27-ஆம் காதையில் பிற சமயக் கணக்கரின் கொள்கைகளோடு சேர்ந்து இடம்பெறுவதால் தமிழ் வாசகர்க்கு இவ்வாதம் முற்றிலும் புதியதன்று. ஒரு பகுதியைப் பற்றி இழுத்தால் முழுதும் உடன் வருவதை முழுமையின் இருப்புக்குச் சான்றாக நியாய சூத்திரம் காட்டுகிறது.

மறுக்கும் கோப்புறை இந்த வழக்கில் வியப்பான சாட்சியாகிறது. ஒவ்வொரு கோப்புறைக்கும், அதனுள் இருக்கும் கோப்புகளுக்குரிய அனுமதிகளின் வேறாக, தனக்கென ஓர் அனுமதிப் பட்டியல் உண்டு. அப்பட்டியல் ஒருவருக்கு உள்ளிருக்கும் பெயர்களைப் படிக்கும் உரிமையை மறுத்திருக்கலாம். அப்போதும், இடையிலுள்ள கோப்புறைகளைக் கடந்துசெல்லும் சலுகை விண்டோஸில் இயல்பாகவே அனைவருக்கும் தரப்பட்டிருப்பதால், உள்ளிருக்கும் கோப்பின் முழுப் பாதையும் தெரிந்து, அக்கோப்பின் சொந்த அனுமதியும் இருந்தால், அவர் அதை நேராகத் திறந்துவிட முடியும். அதாவது உறுப்பு இணங்குகிறது, முழுமை மறுக்கிறது. உறுப்புகளுக்கு இல்லாத ஒரு குணம் முழுமைக்கு இருக்கிறது என்பதால் இங்கே நையாயிகர் வென்றதாகத் தோன்றும். பௌத்தர் விடமாட்டார், அந்த அனுமதிப் பட்டியலும் இன்னொரு பதிவுதானே, அதையும் உறுப்புகளுள் ஒன்றாக எண்ணினால் போயிற்று என்பார். ஆனால் இருவரையும் ஒருங்கே இடர்ப்படுத்துவது வெறுங்கோப்புறை. உள்ளே ஒரு கோப்பும் இல்லாமல், பெயரும் நாளும் அனுமதியும் மட்டும் கொண்டு அது இருக்கிறது. கூட்டத்தின் பெயர் என்பவர்க்கு அங்கே கூட்டம் இல்லை. உறுப்புகளில் உறைவது என்பவர்க்கு உறைய உறுப்பு இல்லை. நகலெடுக்கும் கருவிகளே இதில் கருத்து வேறுபடுகின்றன: விண்டோஸின் ரோபோகாப்பி நிரலில் உட்கோப்புறைகளைச் சேர்க்கும் கட்டளை இரண்டு விதமாக உள்ளது, ஒன்று வெறுங்கோப்புறைகளை விட்டுவிடும், மற்றொன்று அவற்றையும் கொண்டுசெல்லும், நிரலாளர் பயன்படுத்தும் கிட் என்ற கருவியோ வெறுங்கோப்புறையைப் பதிவு செய்வதே இல்லை.

மறுப்புகளுள் மிகுதியாகக் காணப்படுவதும் மெய்யியல் நோக்கில் மிகவும் செறிவானதும் உரிமையாளர் பற்றியது. விண்டோஸ் ஒரு பயனரைப் பெயரால் அறிவதில்லை; கணக்கு உருவாகும்போது அதற்கென வழங்கப்படும், எஸ்-1-5-21 எனத் தொடங்கும் நீண்ட பாதுகாப்பு அடையாள எண்ணாலேயே அறிகிறது. கணினியில் இயங்குதளம் புதிதாக நிறுவப்பட்டு, முன்பிருந்த அதே பெயரிலும் அதே கடவுச்சொல்லிலும் கணக்குத் தொடங்கப்பட்டாலும், எண் புதியது. பழைய வட்டை அதில் இணைத்ததும், பழைய எண்ணுக்கு உரிய கோப்புறைகள் தம் உரிமையாளரை அறியாதவராகக் கருதி மறுக்கின்றன. அனுமதிப் பட்டியலைத் திறந்தால், உரியவரின் பெயர் இருந்த இடத்தில் ‘அறியப்படாத கணக்கு’ என்ற குறிப்பும் ஓர் எண்ணும் மட்டுமே நிற்கும்.

ஆன்மா நிலையானது என்பதற்கு இந்திய மெய்யியலில் காட்டப்பட்ட முதன்மையான சான்றுகளுள் ஒன்று ‘பிரத்தியபிஞ்ஞை’, அதாவது முன்பு கண்டதையே மீண்டும் கண்டபோது ‘அதுவே இது’ என எழும் மீளறிவு. முன்பு ஓர் ஊரில் கண்ட தேவதத்தனை இன்று வேறோர் ஊரில் காண்பவர், ஊரும் காலமும் உடையும் மாறியிருக்க, இவன் அவனே என்று அறிகிறார். பௌத்தர் இதற்கு விடையாக, விளக்கின் சுடரும் மீண்டும் வளர்ந்த நகமும் அவ்வாறே ஒன்றாகத் தோன்றுகின்றன, ஒப்புமையை ஒருமையாக மயங்குவதே மீளறிவு என்றனர். இயங்குதளம் இந்த வாதத்தில் எந்தப் பக்கமும் சேராமல் மூன்றாவது வழியொன்றை மேற்கொள்கிறது. வைசேடிகர் ‘விசேடம்’ என்ற ஒரு பதார்த்தத்தை ஏற்றனர். எல்லாக் குணங்களிலும் ஒத்த இரண்டு அணுக்களை, அல்லது முத்திபெற்று வேறுபாட்டுக்குரிய குணம் எதுவும் இல்லாத இரண்டு ஆன்மாக்களை, வேறு வேறாகப் பிரித்துக்காட்டும் இறுதியான தனித்தன்மை அது. அதற்கு வேறு வேலையே இல்லை. பாதுகாப்பு அடையாள எண் ஏறக்குறைய அத்தகையதே: அது பயனரைப் பற்றி எதையும் வருணிப்பதில்லை, ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரிக்க மட்டுமே உதவுகிறது, ஒரு கணக்கு அழிந்தால் அதன் எண் மற்றொன்றுக்கு மறுபடி வழங்கப்படுவதுமில்லை. மனிதர் தம்மை ஒருவராகவே அறிகிறார். கணினி அவரை இருவராக எண்ணுகிறது. கணினி பிழை செய்கிறது என்று இங்கே எளிதில் சொல்லிவிட முடியாது, ஏனெனில் பெயரையும் முகத்தையும் நம்பித் திறந்துவிடும் அமைப்பு, அதே பெயரோடு வரும் எவர்க்கும் திறந்துவிடும்.

இந்த மறுப்பை எதிர்கொள்வோர் பெரும்பாலும் செய்வது என்ன? கோப்புறையைச் சொடுக்கியதும், தொடர்க என்பதை அழுத்தினால் நிரந்தரமாக அணுகல் கிடைக்கும் என்ற அறிவிப்புத் தோன்றுகிறது, அழுத்துகின்றனர். அதில் ‘நிரந்தரமாக’ என்ற சொல் வெறும் அணியன்று. அழுத்திய கணத்தில், மூலக் கோப்புறையின் அனுமதிப் பட்டியலில் அழுத்தியவரின் எண் எழுதப்பட்டுவிடுகிறது. இன்னும் ஒரு படி மேலே சென்று டேக்ஓன் என்ற கட்டளையை இடுவோர், உரிமையாளரையே மாற்றிவிடுகின்றனர். மூலத்தைக் காப்பதற்காக எடுக்கப்படும் நகல், மூலத்தை மாற்றிய பின்னரே எடுக்கப்படுகிறது. ஆகவே கையில் வருவது பழைய பொருளின் நகலன்று, நகலெடுப்பதற்காகத் திருத்தப்பட்ட பொருளின் நகல். தடயவியல் ஆய்வாளர்கள் எழுதுவதைத் தடுக்கும் கருவியோடு வட்டை இணைத்து, முதலில் வட்டு முழுவதையும் ஒரே படிமமாக எடுத்துக்கொண்டு அப்படிமத்திலேயே ஆய்வு நடத்துவது இந்தக் காரணத்தாலேயே. குடும்பத்தின் நிழற்படங்களுக்கு அவ்வளவு கண்டிப்புத் தேவையில்லை என்று கூறலாம். ஆயினும் பலர் பகிரும் அலுவலகக் கணினியில், எந்தக் கோப்புறை யாருடையதாக இருந்தது என்ற செய்தி ஒருமுறை அழிந்தால் கோப்புகளின் உள்ளே எங்கு தேடியும் கிடைக்காது.

இதற்கு மாற்றாக இயங்குதளத்திலேயே ஓர் ஏற்பாடு உண்டு, அது போதிய கவனம் பெறவில்லை. காப்பு நகல் எடுப்போர் என்ற தனிக்குழுவுக்கும் நிர்வாகிகளுக்கும், அனுமதிப் பட்டியலைத் திருத்தாமலே, நகலெடுப்பதற்காக மட்டும் அதைக் கடந்து படிக்கும் சலுகை வழங்கப்பட்டுள்ளது. ரோபோகாப்பியைக் காப்பு முறையில் இயக்கினால் அது இச்சலுகையைப் பயன்படுத்துகிறது. உடைமை கொள்வது வேறு, பாதுகாப்பது வேறு என்ற அறநெறி சார்ந்த பாகுபாடு இங்கே ஒரு தொழில்நுட்ப விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. விண்டோஸ் 2000-உடன் வந்த குறியாக்க வசதி இதன் எல்லையையும் காட்டுகிறது: குறியாக்கம் செய்யப்பட்ட கோப்பைத் திறவுகோல் இல்லாதவரும் பூட்டிய நிலையிலேயே நகலெடுத்துக் காக்கலாம், ஆனால் பழைய கணக்கின் திறவுகோல் தொலைந்திருந்தால், ஒரு பைட்டும் குறையாத அந்த நகலை எவராலும் படிக்க முடியாது.

அடுத்தது இடம். விண்டோஸில் ஒரு பாதை, வட்டின் எழுத்து முதல் இறுதிக் குறி வரை, 260 எழுத்திடங்களுக்குள் அடங்க வேண்டும் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் வரம்பு. என்டிஎஃப்எஸ் தானாக 32,767 வரை ஏற்கும் என்றாலும், 2016-இன் விண்டோஸ் 10 பதிப்பு ஒன்றிலிருந்து இவ்வரம்பைத் தளர்த்த வழி உண்டு என்றாலும், பல நிரல்கள் இன்னும் பழைய எல்லைக்குள்ளேயே நிற்கின்றன. மூல வட்டில் 240 இடங்களில் அமைந்திருந்த பாதை, நாளும் ஆண்டும் பெயராகக் கொண்ட புதிய கோப்புறையொன்றின் உள்ளே வைக்கப்படும்போது வரம்பைத் தாண்டிவிடுகிறது. கோப்பில் எந்த மாற்றமும் இல்லை. அது இருக்கப்போகும் இடம்தான் நீண்டது. இடம் பொருளுக்குப் புறம்பானது என்ற எண்ணம் இங்கே தவறிப்போகிறது.

பெயர்கள் தமிழில் இருந்தால் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பில் ஒரு பெயருக்கு 255 பைட்டுகளே எல்லை. அங்கு வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகள் கொள்கிறது. திருக்குறள் என்ற சொல்லில் தமிழர் எண்ணுவது 6 எழுத்துகள். கணினி காண்பது 11 குறியீடுகள், 33 பைட்டுகள். ஆகவே விண்டோஸில் இடர் தராத நீண்ட தமிழ்ப் பெயர், லினக்ஸ் வட்டுக்குச் செல்லும்போது மறுக்கப்படுகிறது. இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தை ககரத்துடன் ஒற்றை உயிர்க்குறியாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். ஆப்பிள் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் அமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவிலேயே வைத்தது, விண்டோஸோ எழுதியவாறே வைக்கிறது. இரண்டும் ஒரு லினக்ஸ் வட்டில் சந்தித்தால், கண்ணுக்கு முற்றிலும் ஒன்றான இரு கோப்புறைகள் அருகருகே நிற்கும். வேறுபாடு அறிய இயலாத இரண்டு பொருள்கள் இரண்டாக இருக்க முடியாது என்று லைப்னிட்ஸ் வாதிட்டார்; அறிபவர் யார் என்பதைக் குறிப்பிட்டாலன்றி அக்கொள்கை முழுமை பெறாது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேட வேண்டியதில்லை.

காலம் தொடர்பான மறுப்பு, திறந்திருக்கும் கோப்பிலிருந்து எழுகிறது. மின்னஞ்சல் பெட்டகம், தரவுத்தளம், உள்நுழைந்திருக்கும் பயனரின் அமைப்புகளைத் தாங்கும் பதிவுக் கோப்பு ஆகியவை பயன்பாட்டில் இருக்கும்வரை பூட்டப்பட்டிருக்கும். பூட்டு இல்லையெனில் நேர்வது இன்னும் தீயது: பெரிய கோப்பின் முற்பகுதி ஒரு வேளையிலும் பிற்பகுதி பத்து நிமிடம் கழித்தும் படிக்கப்பட, இடையில் நிரல் இரண்டையும் திருத்தியிருந்தால், எக்கணத்திலும் இருந்திராத ஒரு கோப்பு நகலாகப் பிறக்கும். உளதாவது எல்லாம் கணந்தோறும் அழிந்து பிறப்பது என்ற கொள்கையை 11-ஆம் நூற்றாண்டின் ரத்னகீர்த்தி முதலான பௌத்தர் விரிவாக நிறுவ முயன்றனர்; அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் பௌத்தப் பிரிவுகளை மறுக்கப் புகும்போது எதிர்கொண்ட கொள்கைகளுள் அதுவும் ஒன்று. விண்டோஸ் எக்ஸ்பியிலும் 2003-இன் சர்வர் பதிப்பிலும் வந்த நிழல் நகல் வசதி, கணவாதியின் உலகத்தை ஏற்றுக்கொண்டே அதில் ஒரு நிலைத்த தோற்றத்தை உண்டாக்குகிறது. நிரல்களைச் சிறிது நேரம் எழுதாமல் நிறுத்தி ஒரு கணத்தைக் குறித்துக்கொள்கிறது. அதன்பின் எந்தப் பகுதி மாற்றப்படவிருந்தாலும், மாறுமுன் பழைய பகுதியைத் தனியே எடுத்துவைத்து, நகலெடுக்கும் நிரலுக்கு அக்கணத்தின் வட்டையே காட்டுகிறது. இவ்வசதியைப் பயன்படுத்தாமல் ரோபோகாப்பியை அதன் இயல்பு அமைப்பிலேயே விட்டால், பூட்டிய ஒரு கோப்புக்காக அது 30 நொடிகளுக்கு ஒருமுறையாக 10 இலட்சம் முறை முயலும். ஒரே கோப்பின் வாயிலில் ஏறத்தாழ 347 நாள் காத்திருக்கும் இந்தப் பொறுமை எந்தத் துறவிக்கும் வாய்ப்பது அரிது.

சுழற்சியால் நேரும் மறுப்பு தனியே கருதத்தக்கது. விண்டோஸ் விஸ்டாவில் கோப்புறைகளின் பெயர்கள் மாற்றப்பட்டபோது, பழைய பெயர்களைத் தேடும் நிரல்களுக்காக, பழைய பெயரில் வருவோரைப் புதிய இடத்துக்கு அனுப்பும் ‘சந்தி’ எனத்தக்க இணைப்புகள் வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, தான் இருக்கும் கோப்புறையையே சுட்டுகிறது. அதனுள் நுழைவோர் தொடங்கிய இடத்திலேயே மீண்டும் நின்று மீண்டும் அதனுள் நுழைவர். முடிவின்றித் தொடரும் இக்குற்றத்தை இந்தியத் தருக்கநூலார் ‘அநவஸ்தை’ என்றும், ஒன்று தன்னையே சார்ந்து நிற்கும் குற்றத்தை ‘ஆத்மாசிரயம்’ என்றும் வகுத்தனர். இரண்டும் இங்கே ஒன்றாக அமைந்துள்ளன. இதைத் தடுக்கவே அந்த இணைப்புகளின் உள்ளடக்கத்தைப் பட்டியலிட எவருக்கும் அனுமதி இல்லை. இந்த மறுப்பைக் கண்டு சினந்து அனுமதியை மாற்றுவோரும், முன் கூறிய காப்பு முறைச் சலுகையால் அதைக் கடப்போரும், பாதை வரம்பை மீறும்வரை ஒரே கோப்புறையைத் தன்னுள் தானாக அடுக்கிக்கொண்டே செல்வதைக் காண்பர். சந்திகளைத் தவிர்க்கும் கட்டளையைச் சேர்ப்பதே இதற்குத் தீர்வு. அங்கே இழப்பதற்கு எதுவுமில்லை, ஏனெனில் அக்கோப்புறையின் உண்மையான உள்ளடக்கம் வேறு வழியாக முன்பே நகலாகியிருக்கும்.

மேகச் சேமிப்பில் மட்டும் உள்ளடக்கத்தை வைத்து, கணினியில் பெயரையும் அளவையும் காட்டும் கோப்புகள் இணையம் இல்லாதபோது மறுப்பது புதிய வகை. முதலில் அவற்றைக் கணினிக்கு இறக்கினால் போதும். வட்டின் பரப்பே சிதைந்ததால் நேரும் மறுப்பில் மெய்யியலுக்கு வேலை குறைவு, கைவினைக்கு வேலை மிகுதி. அதில் பிழைதிருத்தும் நிரலை முதலில் ஓட்டுவது வட்டை மேலும் வருத்தும். எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முன்னரும் கடினமானவற்றைப் பின்னரும் மீட்கும் டிடிரெஸ்கியூ போன்ற நிரலால் படிமம் எடுத்து, அதன்பின் படிமத்தில் திருத்த வேலையைத் தொடங்குவதே முறை.

மீண்டும் குட்மனின் பாகுபாட்டுக்கு வந்தால், கோப்பு இரு வகைக்கும் உரியதாகத் தோன்றுகிறது. அதன் உள்ளடக்கம் கவிதையைப் போலப் படியெடுக்க இணங்குகிறது. அதன் உரிமையும் இடமும் காலமும் ஓவியத்தைப் போல ஒரு வரலாற்றோடு பிணைந்துள்ளன. ரோபோகாப்பி தன் இயல்பு அமைப்பில் கோப்பின் தரவு, பண்புக்குறிகள், நேரக்குறிகள் ஆகிய மூன்றை மட்டுமே கோப்போடு கொண்டுசெல்கிறது. அனுமதிப் பட்டியலும் உரிமையாளரும் தனியே கேட்டாலன்றி வருவதில்லை. எது பொருள், எது புறம்பு என்ற வினாவுக்கு அந்நிரலை வடித்தவர்கள் அளித்த விடை அது. பெரும்பாலான பயனர்கள், வினாவையே கேளாமல், அவ்விடையை ஏற்றுக்கொண்டுள்ளனர். வீட்டுக் கணினியிலிருந்து நிழற்படங்களையும் கடிதங்களையும் வேறொரு கணினிக்கு மாற்றுவோருக்கு அது தக்க விடையே, ஏனெனில் பழைய எண்களைச் சுமந்து செல்வது புதிய கணினியிலும் அதே மறுப்பை விதைப்பதாகும். பலர் பங்குகொள்ளும் நிறுவனத்தின் வட்டுக்கு அது போதாது; அங்கே உரிமையும் அனுமதியும் சேர்த்தே நகலாக வேண்டும். எந்நிலையிலும், உரிமையை மாற்றும் கட்டளையைக் காப்பு முறையும் நிழல் நகலும் பயனளிக்காத இறுதிக் கட்டத்துக்கு ஒதுக்கி, அதற்கு முன் கோப்புறைகளின் அனுமதிப் பட்டியலை ஐகேக்கிள்ஸ் என்ற கட்டளையால் தனிக் கோப்பாக எழுதிவைத்துக்கொள்வது நன்று. அவ்வாறு எழுதப்படும் பட்டியலில் உரிமையாளர் யார் என்பது இடம்பெறாது. அதை வேறாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.